மூடி வெட்டாத படகு

க்யூர்பிப் ஊரில் மழை விட்டபாடில்லை. கையடக்கக் கப்பல் மாதிரிகள் செய்யும் பட்டறையில் இருபது வருடமாகப் பாய்மரக் கயிறு கட்டும் குளோத்தில் என்பவள், இந்த முறை தனக்காக ஒரு படகு செய்துகொண்டிருந்தாள். போன வருடம் நடுக்கடலில் கவிழ்ந்த தன் புருஷன் கெய்தானின் படகுடைய மாதிரி. அவனும் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருடப் பூசை. கல்லறை இல்லாதவனுக்கு இதையாவது வைக்கலாமே!

தப்பி வந்த இருவரும், "படகோட மீன் கிடங்குக்குள்ள இருந்தாரு அக்கா, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்றார்கள். அதை நம்பித்தான் மூன்றாம் நாளே தேடலை நிறுத்தச் சம்மதித்தாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கவும் செய்தாள்.

வேலை அவளைப் படாதபாடு படுத்தியது. இடுக்கியிலிருந்து தெறித்த நங்கூரத்தை அரை நாள் தரையில் தவழ்ந்து தேடினாள். நூல் ஏழு முறை அறுந்தது. ஆனாலும் மேல்தளம் இம்மி பிசகாமல் உட்கார்ந்தபோது பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று.

தளம் ஒட்டியதும் காதோரம் குலுக்கிப் பார்ப்பது பட்டறை வழக்கம். உள்ளே ஏதோ தட்டியது.

"கோந்துக் கட்டியா இருக்கும்டி," என்றாள் பக்கத்து மேசை நதேஜ். "உன் மண்டைய ஆட்டினாலும் இதே சத்தந்தான் வரும்."

குளோத்தில் சிரித்தபடி படகை மேசையில் வைத்தாள். யாரும் தொடவில்லை. தட்டல் மட்டும் நிற்கவில்லை.

நதேஜ் சிலுவை போட்டுக்கொண்டாள். மேசையில் விரித்திருந்த படகு வரைபடத்தை எட்டிப் பார்த்தவள் குரல் இறங்கியது. "ஏடி... கிடங்கு மூடி எங்க?"

குளோத்தில் வரைபடத்தையும் தளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கயிறு கட்டுகிறவள் தச்சு வேலையில் இறங்கினால் வருகிற பிழை. கிடங்குக்குள் இறங்கும் மூடியை வெட்டாமலே தளத்தை ஒட்டியிருக்கிறாள்.

கத்தியை எடுத்து நகமளவு சதுரமாக வெட்டினாள். தட்டல் நின்றது. உள்ளே ஒன்றுமில்லை. வெட்டிய துண்டைத் திருப்பி, லென்சுக்கு அடியில் வைத்தாள். அடிப்பக்கத்தில் மயிரிழைக் கீறல்கள் வரிசையாக இருந்தன. கடலில் விடிகிற ஒவ்வொரு நாளுக்கும் மீனவர்கள் பலகையில் ஒரு கோடு போடுவார்கள். அதே கோடுகள்.

"எத்தனைடி?" நதேஜ் கேட்டாள்.

மூன்றோடு முடிந்துவிடாதா என்று ஏங்கியபடி ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒன்பது இருந்தன.

"தேட வேணாம்னு நான்தானேடி தலையாட்டினேன்!" என்று கதறினாள்.