ஏழு ஊர்கள் மூழ்கின

கற்பனை ஆண்டு நானூற்றுப் பன்னிரண்டில் வெள்ளத்தில் மூழ்கிய ஏழு ஊர்ச் சனங்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, லிப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தின் படிக்கட்டில், படிக்கு இருவராக, சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார்கள். வாச்மேன் எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேறு தொகை வந்தது. அவர்மேல் தப்பில்லை. எத்தனை ஊர் என்று எழுதிய மெக்கானிக், எத்தனை பேர் என்று எழுதவில்லை.

அவன் எழுதியது அக்காவுக்காக. பஸ் மோதி முதுகு போனதிலிருந்து அவள் ஆறு வருஷமாகக் கட்டிலோடு கிடந்தாள். ஞாயிறுதோறும் கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு அவன் ஒரு விளையாட்டு நடத்தினான். ஒருவன் ஓர் உலகத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வேஷம் ஏற்று, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். அக்கா மலைநாட்டுக் குதிரைப்படைத் தலைவி. அந்த உலகத்துக்கு ஒரு சரித்திரம் வேண்டுமே என்று சுவர் நீளத்துக்குக் காகிதம் ஒட்டி, ஆண்டு வாரியாகப் பென்சிலில் எழுத ஆரம்பித்தான். இந்த வேலையைப் பின்னாலிருந்துதான் செய்ய வேண்டும். முதலில் இடிந்த கோட்டையை வைத்துவிட்டு, அப்புறம் அதை யார் இடித்தது என்று யோசிக்க வேண்டும். தலைவி மலையில் இருக்கிறாள், சரி. அவள் முன்னோர் ஏன் மலையேறினார்கள்? கீழே வெள்ளம் வந்திருக்க வேண்டும். பல் தேய்த்துக்கொண்டே எழுதிய வரி அது: ‘412: பெருவெள்ளம். ஏழு ஊர்கள் மூழ்கின.’ அதை வாசித்துக் காட்டிய ஞாயிறு, அக்கா சாயாமல் எழுந்து உட்கார்ந்தாள். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று டாக்டரே கேட்டார். செவ்வாயன்று இவர்கள் வந்துவிட்டார்கள்.

மேல்படியில் நின்ற பெண்தான் பேசினாள்.

“ஏன்பா, ஏழு எதுக்கு?”

“சும்மாதான். ஏழுன்னா சொல்ல நல்லா இருந்துச்சு.”

“ஆறுன்னு சொல்லியிருந்தா எங்க ஊர் தப்பிச்சிருக்குமே!”

அந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள். ரப்பரை எடுத்து ‘பெருவெள்ளம்’ என்பதில் பாதி அழித்தான். படிக்கட்டு கீழிருந்து காய்ந்துகொண்டே வந்தது. அறைக்குள் அக்கா துணிமூட்டை போலச் சரிந்தாள். “டேய், என்னடா பண்றே? எனக்குப் பின்னால யாருமே இல்லாத மாதிரி இருக்கு!” அழித்த எழுத்துகளை அவசரமாகத் திரும்ப எழுதினான். வெளியே மறுபடி சொட்டும் சத்தம் கேட்டது. ஒருவரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

விஷயம் தெரிந்ததும் அக்கா, “அழிச்சுத் தொலைடா, படுத்துப் பழகினவதானே நான்,” என்றாள்.

“வாய மூடுக்கா.”

அழிக்க முடியாவிட்டாலும் கூட்டவாவது செய்யலாம் என்று, மறுநாள் மேல்படிப் பெண்ணுக்கு ஒரு பெயரும், படகு ஓட்டும் தொழிலும், இரண்டு பிள்ளைகளும் எழுதினான். அதுவரை வெறுமனே நனைந்திருந்தவள் அந்தக் கணம் பிள்ளைகளைத் தேடிக் கதற ஆரம்பித்தாள். சாயங்காலம்வரை ஓயவில்லை. அடுத்த படிக்காரர்கள் முகத்தை மூடிக்கொண்டு, “எங்களுக்குப் பேரெல்லாம் வேணாம் சாமி,” என்று கும்பிட்டார்கள். அவன் பென்சிலை வைத்துவிட்டான்.

இது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. வீடு பார்க்க வருகிறவர்களிடம் வாடகை, தண்ணீர் வரும் நேரம், படியில் ஓரமாக ஏற வேண்டும் என்கிற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். வெயில் காலத்தில் அந்தக் கட்டடம் மட்டும் குளுகுளுவென்று இருப்பதால் எந்த வீடும் காலியாகக் கிடப்பதில்லை. அக்கா இப்போது வாசல்வரை நடக்கிறாள். அவளைக் கண்டதும் படியில் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிடத்தான் செய்கிறார்கள். அவள் இறங்குவதில்லை.