நான்கு நிமிடக் கேட்பாளருக்கான பிராசசர்

எங்கள் வீட்டில் நேரத்தை ஓட்டும் பிராசசர் செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு நின்றுபோனது. அப்போது என் மனைவி வசுமதி ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாள்.

“இதோ பாருங்க, இனிமே நான்” என்பதுவரை சொல்லியிருந்தாள். வாய் திறந்தபடி நின்றது. கையில் சாம்பார்க் கரண்டி. கரண்டியிலிருந்து கிளம்பிய ஒரு சொட்டு என் தட்டுக்கு நாலு விரற்கடை மேலே நின்றது.

வெளியே வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. வீட்டுக்குள் இன்னும் செவ்வாய்தான். பால்காரர் மூன்று நாள் பாக்கெட்டையும் வாசலில் அடுக்கி வைத்திருந்தார். பழைய கிழமைக்குள் கால் வைக்க அவருக்கு அனுமதி இல்லையாம்.

நான் மட்டும் நிற்கவில்லை. அவள் பேசியபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கவனம் வேறு இடத்தில் உள்ளவர்களுக்கு இந்த நிறுத்தம் பொருந்தாது என்று பிராசசர் பெட்டியின் மூடியிலேயே அச்சடித்திருந்தது.

“இனிமே நான்” என்பதை எப்படியெல்லாம் முடிக்கலாம் என்று மூன்று நாளாக யோசித்தேன். பதின்மூன்று விதம் கிடைத்தது. ஒன்றுகூட எனக்கு நல்லதாக இல்லை. இனிமே நான் எங்க அக்கா வீட்லயே இருந்துக்கறேன் என்பது ஏழாவது. அதை நினைத்தாலே பயமாக இருந்தது. எரிச்சலும் வந்தது. இவ்வளவு சொன்னவள் இன்னும் நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு நின்றிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை பழைய பிராசசரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் சாமான் கிடைக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

ஒரு வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் கடை இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத கடை. முதலாளியின் பெயர் ஜம்புலிங்கம். இடுப்புக்குக் கீழே அவர் மேஜையாக இருந்தார். அதனால் எழுந்திருக்கவில்லை.

“சர்வரா, டெஸ்க்டாப்பா?” என்றார்.

“எது நல்லது?”

“ரெண்டும் நல்லதுதான் சார். எதுக்கு வேணும்?”

“என் மனைவி ஒரு வாக்கியத்துல நிக்கறாங்க.”

அவர் ஆச்சரியப்படவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

“பேசறது எத்தனை பேர்?”

“அவங்க ஒருத்தர்.”

“கேக்கறது?”

“நான்.”

‘கேட்பவர்: ஒருவர் (அவரே சொன்னது)’ என்று எழுதினார். அந்த அடைப்புக்குறி எனக்குப் பிடிக்கவில்லை.

“டெஸ்க்டாப்னா வேலை செய்யற கை கம்மி, வேகம் ஜாஸ்தி. வெச்ச உடனே பேசிடுவாங்க. சர்வர்னா அறுவத்திநாலு கை. ஒவ்வொரு கையும் நிதானமாத்தான் வேலை செய்யும். ஆனா நிக்கவே நிக்காது. தப்பு வந்தாலும் திருத்திக் குடுத்துரும்.”

“என்ன தப்பு?”

“நடுவுல ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னு வைங்க. அதுவே கண்டுபுடிச்சு சரி பண்ணிடும். அதுக்குன்னு தனி மெமரி இருக்கு.”

“டெஸ்க்டாப்ல மாறிப்போனா?”

“மாறிப்போனா போனதுதான். கேக்கறவர்தான் உஷாரா இருக்கணும்.”

“எனக்கு எது சரிப்படும்னு நீங்களே சொல்லுங்களேன்.”

“நான் சொல்லக் கூடாது சார். மூணாவது மாடியில தேவைச் சான்று வாங்கிட்டு வாங்க.”

ஒரு பிராசசர் சில்லு வாங்கச் சான்று. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொள்ளாமல் படியேறினேன்.

மூன்றாவது மாடியில் நீளமான நடை இருந்தது. அலுவலகம் அதன் கோடியில் இருந்தது. எதிரே வந்தவரிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். உடனே நடையில் இரண்டு கடை கூடுதலாக முளைத்தது. அவர் என்னை முறைத்தார்.

“கேக்காதீங்க சார். நானே காலைலேர்ந்து திரும்பிப் போயிட்டிருக்கேன்.”

“மன்னிச்சுக்குங்க. எவ்வளவு நேரமா?”

இன்னும் இரண்டு கடை வந்தது. அவர் நடையை எட்டிப் போட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தில்லைநாயகி, தேவை அலுவலர் என்று பலகை சொன்னது. நான் பழைய பிராசசரை நீட்டினேன். அவர் அதை மோந்து பார்த்தார்.

“சந்தனம்” என்றார்.

“ஆயுத பூஜைக்கு வெச்சது மேடம்.”

“மேல பொட்டு வெச்சா பரவால்ல. இது ஃபேனுக்கும் சில்லுக்கும் நடுவுல இருக்கு.”

நான் தலையைக் குனிந்தேன். பூஜையன்று எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தேன். திரும்ப மாட்டும்போது, சில்லின் சூட்டை ஃபேனுக்குக் கடத்தும் பேஸ்ட் தீர்ந்துபோயிருந்தது. சந்தனக் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் குழகுழவென்று ஒரே மாதிரி இருந்தன. சந்தனம் குளிர்ச்சிதானே என்று தடவிவிட்டேன். நெற்றிக்கு ஆகும் என்றால் இதற்கும் ஆகும் என்று நினைத்தேன்.

“காஞ்சு பொடியாயிருக்கு. சூடு வெளிய போகல. நின்னுடுச்சு” என்றார் அவர். ஒரு படிவத்தைத் தள்ளினார். அதில் ஒரே கேள்வி இருந்தது. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கேட்பீர்கள்?

இருபத்துநான்கு என்று எழுதினேன். சர்வருக்கு அதுதான் கணக்கு என்று எனக்குத் தெரியும்.

அவர் ஒரு தடித்த பேரேட்டைப் புரட்டினார்.

“போன ஞாயித்துக்கிழமை. ‘ம்’ பதினேழு. ‘சரி’ ஒம்போது. ‘அப்படியா’ ரெண்டு. கேட்டது நாலு நிமிஷம் பத்து செகண்ட்.”

“இது அநியாயம் மேடம். நாள் பூரா வீட்லதான் இருந்தேன்.”

“இருந்தீங்க. அது வேற படிவம்.”

“அந்தப் பத்து செகண்ட் எதுக்கு?”

“பேப்பர் கீழ விழுந்திருக்கு. குனிஞ்சு எடுக்கற வரைக்கும் கேட்டிருக்கீங்க.”

எனக்குக் காது சூடானது. இருபத்துநான்கை அடித்து அவரே நான்கு நிமிடம் என்று திருத்தினார்.

“நாலு நிமிஷத்துக்கு சர்வர் குடுக்க விதி இல்ல. டெஸ்க்டாப் எடுத்துக்கலாம். இல்லேன்னா அசோசியேஷன் பேர்ல சர்வர் வாங்குங்க. உங்க செயலாளர் பின்னாடிதான் நிக்கறார்.”

திரும்பினேன். எங்கள் அடுக்கக சங்கத்தின் செயலாளர் மார்க்கபந்து நின்றிருந்தார். இரண்டு வருடமாக அவர் கொஞ்சம் கொஞ்சமாக அறிவிப்புப் பலகையாக மாறிக்கொண்டிருக்கிறார். கழுத்துவரை வந்துவிட்டது. மோட்டார் பழுது, சனிக்கிழமை தண்ணீர் வராது என்று மார்பில் குத்தியிருந்தது.

“சர்வரா எடுத்துடலாம் சார். எல்லார் வீட்லயும் நிக்குது.”

“என்ன நிக்குது?”

“பி பிளாக்ல ஒரு தும்மல் நிக்குது. எங்க வீட்ல என் சம்சாரம் ‘அப்பறம்’னு ஆரம்பிச்சாங்க. அது பத்தொம்போது வருஷமா நிக்குது.”

“வசுமதிக்கு எப்ப வரும்?”

“வரிசைப்படிதான். உங்களுக்கு டோக்கன் இருபது. ஆடி மாசம் வந்துரும். ஆனா ஒரு எழுத்து பிசகாது.”

ஆடி. அதுவரை அந்தச் சாம்பார்ச் சொட்டைச் சுற்றிக்கொண்டு நடமாட வேண்டும். அதுவரை பதின்மூன்று முடிவுகளோடும் படுத்து எழுந்திருக்க வேண்டும். அதிலும் பி பிளாக் தும்மலுக்குப் பிறகு. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“என் பொண்டாட்டி பேச்சு பொதுச் சொத்து இல்ல சார். டெஸ்க்டாப்பே போதும்” என்றேன்.

“எழுத்து மாறிப்போனா?”

“மாறாது. நான் கேட்டுக்கறேன்.”

மார்க்கபந்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவர் மேல் யாரோ ஒரு நோட்டீஸைக் குத்திவிட்டுப் போனார்கள்.

தில்லைநாயகி என் இடது காதில் முத்திரை குத்தினார். வலது காதையும் காட்டினேன்.

“அது வேணாம். அது பேப்பர் பக்கம்” என்றார்.

கீழே ஜம்புலிங்கம் என் காதைப் படித்துப் பார்த்துவிட்டு டெஸ்க்டாப் பிராசசரை எடுத்து வைத்தார். பெட்டியின் மேல் நிறைய எழுதியிருந்தது. அதை வாசித்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் ம் என்றேன். இன்னும் கொஞ்சம் பேசினார். சரி என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் பயிற்சி செய்தேன். நடத்துநர் சொன்ன ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் கேட்டேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள் ஒருத்தியின் மாமியாரைப் பற்றிப் பேசினார்கள். முழுக்கக் கேட்டேன். மாமியார் பக்கம்தான் நியாயம் இருந்தது. என்னால் முடிகிறது என்று தோன்றியது. தில்லைநாயகியின் பேரேட்டில் இது ஏறாது என்பதுதான் கடுப்பாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தேன். செவ்வாய்க்கிழமை, ஏழு நாற்பது. காலண்டருக்குப் பின்னால்தான் பிராசசர் இருக்கும் இடம். காலண்டரைக் கழற்றினேன். சில்லைப் பொருத்தினேன். சரியாக உட்கார்ந்தது. ஃபேனை எடுத்தேன். திருகாணி நாலும் இருந்தன. பேஸ்ட் இல்லை.

அப்போதுதான் ஜம்புலிங்கத்தின் குரல் காதுக்குள் வந்தது. பெட்டியில பேஸ்ட் வராது சார், தனியா வாங்கிக்குங்க. அதற்குத்தான் நான் ம் என்றிருக்கிறேன். சந்தனத்தை மட்டும் மறுபடி வெச்சிராதீங்க. அதற்குத்தான் சரி என்றிருக்கிறேன்.

என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. திரும்பிப் போனால் கடை மூன்றாவது மாடிக்கு ஏறியிருக்கும். அந்த நடை இன்னும் நீண்டிருக்கும். வசுமதி திறந்த வாயோடு எதிரே நின்றாள். இன்னொரு தடவை அவளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

பூஜை அலமாரியில் சந்தனக் கிண்ணம் இருந்தது. செவ்வாய்க்கிழமைச் சந்தனம். இன்னும் ஈரமாகவே இருந்தது. இது வேகமான சில்லு. சீக்கிரம் சூடாகும். நாலு நிமிடம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். எனக்கு அனுமதியும் அவ்வளவுதான்.

தடவினேன். ஃபேனை முடுக்கினேன். போனை அணைத்தேன். பேப்பரை அடுத்த அறையில் போட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் எதிரே வந்து உட்கார்ந்து, இடது காதை முன்னால் நீட்டிக்கொண்டு, எட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

சொட்டு தட்டில் விழுந்தது.

“எதையும் உங்ககிட்ட ரெண்டாவது தடவை சொல்றதா இல்ல” என்றாள் வசுமதி.

ஒரு எழுத்தையும் நான் விடவில்லை. பதின்மூன்றில் இது இல்லை. அக்கா வீடும் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் நிமிடம் அதிலேயே போயிற்று.

“எதை?” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை சொன்னதை.”

“ஞாயித்துக்கிழமை என்ன சொன்னே?”

அவள் என்னைப் பார்த்தாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்தாள்.

நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். சமையலறை வாசற்படியில் போட்டு உட்கார்ந்தேன்.

“வசு, இப்ப கேக்கறேன். சத்தியமா கேக்கறேன்.”

அவள் பாத்திரம் துலக்கினாள். அதையே கேட்டேன். முதலில் குக்கர். பிறகு இரண்டு டம்ளர். பிறகு மூடிகள். அவள் நாரை வைத்துத் தேய்க்கும்போது மூன்று தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு விடுகிறாள். இருபத்தாறு வருடத்தில் எனக்கு அது தெரியாது. இரண்டாவது நிமிடமும் மூன்றாவது நிமிடமும் போயின. ஒரு சத்தத்தைக்கூட நான் தவறவிடவில்லை.

அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்தாள். திரும்பினாள். என் காதில் இருந்த முத்திரையை ஒரு தடவை படித்தாள். பிறகு பேசுவதற்கு மூச்சை இழுத்தாள்.

சில்லுப் பக்கமிருந்து சந்தனம் மணத்தது. ஒரு நொடி என் கவனம் அங்கே போய்விட்டது.

அவள் மூச்சை இழுத்தபடி நின்றுபோனாள். வாய் பாதி திறந்திருந்தது. சொல்லத்தான் போகிறாள். அது பார்த்தாலே தெரிந்தது. என்ன சொல்வாள் என்பதற்கு இந்தத் தடவை ஒரு விதம்கூட எனக்குத் தோன்றவில்லை.

வெளிவாசலில் மார்க்கபந்து நின்றிருந்தார். பழைய கிழமை என்பதால் உள்ளே வரவில்லை. அவருக்கு இப்போது கண்ணாடிக் கதவும் பூட்டும் வந்திருந்தன.

“டோக்கன் இருபது இருக்கா?” என்று கேட்டேன்.

“குடுத்தாச்சு சார். இருபத்தியொண்ணுதான் இருக்கு.”

“அது எப்ப வரும்?”

“ஆவணி.”

“ஒரு எழுத்து பிசகாதில்ல?”

“பிசகாது.”

“குடுங்க.”

அவர் தன் மார்பைத் திறந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். நான் திரும்பிப் போய் வாசற்படி நாற்காலியில் உட்கார்ந்தேன். பேப்பர் அடுத்த அறையில் இருந்தது. வசுமதி மூச்சை இழுத்து நின்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.