மச்சினன் வண்டியின் எடை

என் மச்சினன் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று காலையிலேயே எனக்குப் பட்டுவிட்டது. பந்தயத் திடலுக்கு வந்ததும் வராததுமாகத் தன் கார் இருக்கைக்கு அடியில் தலையை விட்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். நான் கிட்டே போனதும் கதவைச் சாத்திவிட்டு, "ஒண்ணுமில்ல மாமா" என்றான். ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஸ்பானர்?

கால் மைல் நேர்சாலை, இரண்டிரண்டு வண்டியாக ஓட வேண்டும். தோற்றவன் மூட்டை கட்டலாம். ஆறு வருடத்தில் இன்றுதான் முதல்முறையாக இறுதி ஓட்டத்துக்கு வந்திருந்தேன். எதிரே நிற்பது இவன். என்னுடைய அதே எஞ்சின், அதே டயர், ஆனால் என்னைவிட அரை விநாடி வேகம். எப்படி வரும்?

பக்கத்து ஊர்த் திடலில் வண்டியை மட்டும்தான் எடை போடுவார்கள். அங்கே ஒல்லியானவனுக்குக் கொண்டாட்டம், என்னைப் போன்ற தொப்பைக்காரனுக்குத் திண்டாட்டம். அங்கே உதை வாங்கி உதை வாங்கியே மூன்று மாதம் வாயைக் கட்டிப் பன்னிரண்டு கிலோ இளைத்திருந்தேன். இந்தத் திடலில் சட்டம் வேறு. வண்டியும் ஓட்டுகிறவனும் சேர்ந்து குறைந்தது ஆயிரத்து நூறு கிலோ இருக்க வேண்டும். ஈர்க்குச்சி மாதிரி இருக்கும் மச்சினன் அதை எப்படித் தொடுவான்?

நேரே எடைக்காரரிடம் போனேன். "இவன் வண்டிய ஏத்துங்க."

"புகார் சொன்னா உங்க வண்டியும் ஏறணும், தெரியும்ல?"

"தாராளமா ஏறட்டும்."

மச்சினன் வண்டியோடு எடை மேடையில் ஏறினான். ஆயிரத்து நூற்று மூன்று. எடைக்காரர் இருக்கைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார். இரும்புத் தகடுகள். தன் உடம்பில் இல்லாத எடையை, சட்டப்படியே, வண்டியில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தான். எனக்கு முகம் செத்துவிட்டது.

அடுத்து நான். ஆயிரத்து எண்பத்தொன்பது.

வண்டி அதே வண்டிதான். இளைத்தது நான். அந்தத் திடலுக்காக உடம்பைக் குறைத்த மடையன், இந்தத் திடலுக்காக வண்டியில் எடை ஏற்ற மறந்திருக்கிறேன். எடைக்காரர் பந்தயப் பட்டியலிலிருந்து என் எண்ணை அடித்துவிட்டார்.

மச்சினன் பக்கத்தில் வந்து நின்றான். "ஒரு தகடு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே மாமா."

"எனக்கே தெரியலடா."

"எடை குறைஞ்சத விடுங்க. என்னைச் சந்தேகப்பட்டு எடை போடச் சொன்னீங்களே, அதான் வலிக்குது."

வெட்கம் பிடுங்கித் தின்றது.

தனியாக ஓடி முடித்தாலே கோப்பை அவனுக்கு. பச்சை விளக்கு எரிந்தது. முதல் கியரிலேயே ஊர்ந்துபோய்க் கோட்டைத் தாண்டினான். கோப்பையை வாங்க அவன் இறங்கவே இல்லை.