அக்காவின் சட்டைக் கை

அக்காவுக்குத் தலை வலித்தால் தெரு முழுக்கத் தெரியும். காலில் முள் குத்தினால் ஊரையே கூட்டிவிடுவாள். அப்படிப்பட்டவள், இப்போது பரவும் காய்ச்சலுக்கு வந்திருக்கும் புதுத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு கமுக்கமாக இருப்பாளா? அவள் நர்ஸ், தினமும் அடுத்தவர்களுக்குப் போடுகிறவள். "நீங்க போட்டுக்கிட்டீங்களா?" என்று யாராவது கேட்டால், பஞ்சை எடுத்தபடியே "ம்ம், கையைத் தளர்த்துங்க" என்பாள். அந்த 'ம்ம்' மீதுதான் எனக்குச் சந்தேகம்.

நான் தையல்காரி. சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. இந்தக் காய்ச்சல் வந்தால் என் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் பச்சையாகவே சொல்லிவிட்டார். எனக்குக் காய்ச்சலுக்கும் பயம், ஊசிக்கும் பயம். அக்கா போட்டிருந்தால் நானும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிவிடுவேன். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கடையைப் பூட்டிவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன்.

பெஞ்சு நிறைய ஆட்கள். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். அதனால் ஆள் சேராமல் அக்கா திறக்க மாட்டாள். அன்று ஆள் சேர்ந்திருந்தது. ஆனால் "முதல்ல நீங்க போங்க", "பரவாயில்ல, நீங்க போங்க" என்று ஒரே உபசாரம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, நீ போட்டுக்கிட்டியா?"

"ம்ம்."

"ம்ம்னா? ஆமாவா, இல்லையா?"

அவள் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். பிறகு அவள் முகம் தொங்கிப்போனது.

"இல்லடி. போட்டுக்கல."

பஸ் டிரைவர் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "பாத்தீங்களா, போடறவங்களே போட்டுக்கல! நமக்கு எதுக்கு வம்பு?"

"கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க," என்றாள் அக்கா. "சின்ன வயசுல ஒரு மாத்திரை சாப்பிட்டு, மூஞ்சியெல்லாம் வீங்கி, சாகக் கெடந்தேன். இது புதுசு. மறுபடி அப்படி ஆயிடுமோன்னு பயம். நர்ஸா இருந்துக்கிட்டு இதைப் போய் டாக்டர்கிட்ட கேக்கறதான்னு வெக்கம் வேற."

டாக்டர் உள்ளறையிலிருந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ எந்த மாத்திரை என்று கேட்டு, தடுப்பூசிப் பெட்டியில் இருந்த தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"அந்த மருந்து இதுல கொஞ்சங்கூட இல்லம்மா. இருந்தாலும் போட்டுக்கிட்டு அரை மணி நேரம் என் கண்ணு முன்னாடியே உக்காருங்க. ஏதாவது ஆனா குடுக்க மருந்து இங்கயே இருக்கு. நானே போட்டுக்கறதுக்கு முன்னாடி எங்க புரொபசருக்குப் போன் பண்ணி, கேள்வி கேட்டே அவரை ஒரு வழி பண்ணிட்டேன்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"நீங்களும் கேட்டிருக்கலாமே."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டைக் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. இறுக்கமாகத் தைக்கச் சொல்லி என் உயிரை எடுத்தவளே அவள்தான். என் பையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து, தோள் வரைக்கும் பிரித்துவிட்டேன்.

"புதுச் சட்டைடி, பாவி!"

"பேசாம உக்காரு."

டாக்டர் ஊசியை அவள் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும், "சார், சாய்க்காதீங்க, நேரா குத்துங்க!" என்று அதட்டினாள். பெஞ்சில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அந்த அரை மணி நேரமும் எனக்கு ஒரே நினைப்புதான். என் வாய்த்துடுக்கால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தேன். என்னோடு சேர்ந்து அறையே பார்த்தது. இரண்டு பெண்கள் மட்டும், யோசித்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார்கள். டிரைவர் போகவில்லை, பையோடு வாசலிலேயே நின்றார்.

"என்னடி முறைக்கிற? பசிக்குது எனக்கு," என்றாள் அக்கா.

நேரம் முடிந்தது. அவள் எழுந்து கை கழுவிக்கொண்டு, "அடுத்து யாரு?" என்றாள். நான் கையை நீட்டினேன். குத்தியதே தெரியவில்லை. நான் அழுதது வலியால் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், டிரைவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்காவுக்குக் கை வலிப்பது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "ஒழுங்கா தச்சுக் குடு," என்று சட்டையை என் மெஷின்மேல் வீசிவிட்டுப் போனாள். நான் பிரித்த இடத்தை மூடவில்லை. வரிசையாக அழுத்துப் பொத்தான் வைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் இரண்டாவது ஊசி இருக்கிறதே.