நடுவில் இருந்த வரி

“உங்க பேரு வரலையே சார்,” என்றார் பள்ளியின் கேட்காரர்.

அவர் கையிலிருந்த டேப்லெட்டில் ஓடும் செயலியை எழுதியவனே நான்தான். பள்ளி விடும் நேரத்தில் எந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று காட்டுவது அதன் வேலை. பிள்ளையின் பெயரைத் தட்டினால், அழைத்துப் போக உரிமை உள்ளவர்களின் படங்கள் வரும். என் மனைவியின் மகள் பெயரைத் தட்டினார். இரண்டு படங்கள் வந்தன. ஒன்று என் மனைவி, இன்னொன்று அவளுடைய முதல் கணவர். நேற்றுவரை மூன்றாவதாக நான் இருந்தேன்.

“நெட் ஸ்லோவா இருக்கும், மறுபடி தட்டுங்க.”

“நாலு தடவ தட்டிட்டேன் சார்.”

“என்னைத் தெரியாதா உங்களுக்கு? மூணு வருஷமா வர்றேன்.”

“தெரியும் சார். ஆனா திரையில இல்லாத ஆளுக்குப் பிள்ளையக் கொடுக்காதீங்க, நானே வந்து நின்னாலும் கொடுக்காதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க?”

சொன்னேன். பயிற்சி கொடுத்த அன்று எல்லோரும் சிரிக்கட்டுமே என்று சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். எட்டு வயது. “கண்ணாடி, ஏன் வெளியவே நிக்கிற? பசிக்குது,” என்றாள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. என் முகத்தில் அன்றைக்கு அவளுக்குப் பிடித்திருந்த ஒரே பொருள் அதுதான்.

மனைவிக்குப் போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. ‘உடனே ஸ்கூலுக்கு வா’ என்று செய்தி அனுப்பிவிட்டுப் பள்ளி அலுவலகத்தில் போய் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அங்கே வேலை பார்க்கும் அக்கா, கோப்புகளை ஒதுக்கி மேசையில் இடம் கொடுத்தார். “நீங்க எழுதினதே உங்களுக்குப் புரியலையா?” என்று வேறு கேட்டார்.

செயலிக்குள் இருப்பது இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஓர் அட்டவணை, பெரியவர்களுக்கு ஓர் அட்டவணை. ஒரு பிள்ளையை அழைத்துப் போகப் பல பேர் வருவார்கள். ஒரே ஆள் அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நாலைந்து பேரை ஓட்டிக்கொண்டு போவார். இரண்டு பக்கமும் பல பேர் என்று ஆகிவிட்டால், யாருக்கு யார் என்பதைப் பிள்ளையின் வரியிலும் எழுத முடியாது, பெரியவர் வரியிலும் எழுத முடியாது. நடுவில் மூன்றாவதாக ஓர் அட்டவணை வேண்டும். இன்ன பிள்ளை, இன்ன ஆள், இன்ன உறவு. ஒவ்வோர் உறவுக்கும் ஒரு வரி.

பிள்ளைகள் அட்டவணையில் அவள் இருந்தாள். பெரியவர்கள் அட்டவணையில் நான் இருந்தேன், படம், போன் எண் எல்லாவற்றோடும். நடுவில் இருந்த வரியைத்தான் காணவில்லை.

வரி தானாக எழுந்து நடந்து போகாது. யாரோ எடுத்திருக்க வேண்டும். யார், எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவைத் திறந்தேன். காலை பத்து நாற்பத்திரண்டு, மகளின் பக்கத்தைத் திறந்து ‘சேமி’ அழுத்தியவர் என் மனைவி.

நேரத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

காலையில் வீட்டில் சத்தம். வீட்டுப்பாடம் எழுதாததற்கு நான் மகளைக் கொஞ்சம் அதட்டினேன். அவள் அழுதாள். “அவள நான் பாத்துக்கறேன், நீங்க நடுவுல வராதீங்க,” என்று மனைவி வெடுக்கென்று சொன்னாள். சொன்னது ஏழரை மணிக்கு. அழுத்தியது பத்து நாற்பத்திரண்டுக்கு. மூன்று மணி நேரம் யோசித்து முடிவெடுத்திருக்கிறாளா? அப்படியென்றால் கிளம்பும்போது டிபன் டப்பாவை ஏன் என் கையில் கொடுத்தாள்? ஒன்றும் விளங்கவில்லை. பேய் முழி முழித்துக்கொண்டு திரையையே பார்த்தேன்.

ஒரு வரி சேர்த்தால் போதும். சாவி என் கையில். அரை நிமிட வேலை. விரலைக்கூட வைத்துவிட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். மனைவி வேண்டாம் என்று எடுத்ததை நானே திருட்டுத்தனமாகச் சேர்த்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தால், நான் அவளுக்கு யார்? அந்தக் கேள்விக்கு எந்த அட்டவணையிலும் பதில் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அக்கா பார்க்கிறார் என்பதால் வரவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “என்ன ஆச்சு? அவளுக்கு என்ன?”

“அவளுக்கு ஒண்ணும் இல்ல. என்னை எடுத்துட்ட.”

“எங்கேருந்து?”

திரையைக் காட்டினேன். பார்த்தாள். “நான் எங்க எடுத்தேன்? உங்க பேருக்குப் பக்கத்துல ‘மற்றவர்’னு போட்டிருந்துச்சு. காலையில நான் பேசினது எனக்கே குத்துச்சு. ஆபீஸ் போயும் மனசு கேக்கல. அத ‘அப்பா’ன்னு மாத்தினேன். சேமின்னு அழுத்தினா சிவப்பா என்னமோ வந்துச்சு. நெட்டுதான் சரியில்லன்னு மூடிட்டேன்.”

சிவப்பா வந்ததா? பிழைப் பதிவு என்று ஒன்று இருப்பதே அதுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. தொழில் தெரிந்தவன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மனம் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதிவிட்டது.

திறந்தேன். பத்து நாற்பத்திரண்டு. ‘இந்தப் பிள்ளைக்கு அப்பா ஏற்கெனவே இருக்கிறார்.’

‘சேமி’ அழுத்தினால் என் செயலி பழைய உறவுகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஒவ்வொன்றாக எழுதும். அம்மாவை எழுதியது. முதல் கணவரை ‘அப்பா’ என்று எழுதியது. மூன்றாவதாக என்னை எழுதப்போகும்போது, ஒரு பிள்ளைக்கு அப்பா என்ற உறவு ஒரு முறைதான் வரலாம் என்ற விதி குறுக்கே நின்றது. பாதியில் நின்றால் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கு என்று நான் எழுதவே இல்லை. அழித்தது அழித்தபடி கிடந்தது.

விளக்கிச் சொன்னேன். பாதிதான் அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு வேண்டியதும் அந்தப் பாதிதான்.

“ஒரு அப்பாதான்னு ஸ்கூல்ல சொன்னாங்களா?”

அலுவலக அக்கா நிமிர்ந்து பார்த்தார். “நாங்க அப்படி ஒண்ணும் கேக்கலையேம்மா.”

“பின்ன யாரு?”

“நானாத்தான் எழுதினேன்,” என்றேன். “‘மற்றவர்’னு போட்டதும் நான்தான்.”

அவள் என்னையே பார்த்தாள். கோபமா, பாவம் பார்த்தாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “மூணு வருஷமா மனசுல இதத்தான் வச்சுக்கிட்டு இருந்தீங்களா?”

அந்த விதியை எழுதிய மதியம் நினைவிருக்கிறது. யோசிக்கவே இல்லை, அது ஊரறிந்த விஷயம் என்பதுபோல் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

விதியை நீக்கினேன். பாதியில் நின்றால் திரும்ப வேண்டிய வழியையும் எழுதினேன். அவள் தன் போனில் மகளின் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள். “நீங்களே போடுங்க.”

“அவர் ஏதாவது நெனச்சுக்கப் போறாரு.”

“அவர் பேர யாரும் எடுக்கலையே. போடுங்க.”

போட்டேன். சேமித்தேன். சிவப்பு வரவில்லை.

இருவருமாகக் கேட்டுக்குப் போனோம். அக்காவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். கேட்காரர் பெயரைத் தட்டினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“படம் வந்துருச்சு சார். ஆனா பாப்பாவுக்கு ரெண்டு அப்பான்னு காட்டுது. மறுபடி ஏதாவது கோளாறா?”

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல,” என்றேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று மறுபடி சொன்னேன். “இல்லீங்க. சரியாத்தான் காட்டுது.”