மூன்று ஏர் டேங்க்

பேசில் அண்ணனுக்கும் எனக்கும் வாரத்தில் மூன்று நாள் சண்டை. திங்கள், புதன், வெள்ளி. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் டயாலிசிஸ் மையத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து சாய்வு நாற்காலி. இடது கையில் ஊசி ஏறி, ரத்தம் மெஷினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். அந்தக் கையை அசைக்கக்கூடாது. வலது கை சும்மா இருக்குமா? அதில் போன். போனில் நீர்மூழ்கி.

அது வண்டிகளை மோதவிடும் விளையாட்டு. கார், டாங்கி, விமானம் எல்லாம் அதில் உண்டு. நாங்கள் இரண்டு பேரும் நீர்மூழ்கியைத் தாண்டிப் போகவில்லை. கப்பலின் உடம்பும் முன்னால் இருக்கும் டார்பிடோ குழாய்களும் எல்லோருக்கும் ஒன்றுதான். மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். சத்தம் போட்டு எதிரியை ஏமாற்றும் பொம்மை, ஒலியை விழுங்கும் ரப்பர் தோல், வலையை அறுக்கும் கத்தி, கூடுதல் டார்பிடோ, காற்று அடைத்த ஏர் டேங்க், உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றும் பம்ப். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை உண்டு. மொத்த எடை வரம்பைத் தாண்டினால் கப்பல் மூழ்கும், மறுபடி எழும்பாது. அதனால் எதை ஏற்றுவது, எதை விடுவது என்பதில்தான் பாதிச் சண்டை. சுடுவதெல்லாம் அப்புறம்.

பேசில் அண்ணன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். வீடு காப்பாரில். லோரி ஓட்டிய அதே திமிரோடுதான் நீர்மூழ்கியும் ஓட்டுவார். மூக்கிலிருந்து வால்வரை டார்பிடோதான். பம்ப் வைக்கவே மாட்டார்.

"அடி பட்டாத்தானே தண்ணி உள்ள வரும்? நான் ஏன் அடி படுறேன்?" என்பார்.

நான் பம்ப், பொம்மை, ரப்பர் தோல் என்று மூட்டை கட்டிக்கொண்டு கடலடியில் போய் ஒட்டிக்கொள்வேன். அவர் சுட்டுத் தீர்க்கும்வரை அசையமாட்டேன். பிறகு ஒன்றே ஒன்று விடுவேன். அவர் கதை முடிந்தது.

"நீ சண்டைக்கு வரல அமுதா, குடித்தனம் பண்ண வந்திருக்க!" என்று கத்துவார். நர்ஸ் தாமரை ஓடி வந்து, "அங்கிள், பிரஷர் ஏறுது லா, மெதுவா" என்று அதட்டுவாள். எனக்குச் சிரிப்பு தாங்காது. சேலை ஜாக்கெட் தைத்துப் பிழைக்கும் எனக்கு வாரம் முழுக்க வேறு சிரிப்பு கிடையாது.

எங்களைப் போல் கிட்னி போனவர்களுக்குத் தண்ணீர்தான் எதிரி. குடித்தால் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கிவிடும். வந்தவுடன் எடை பார்க்கவேண்டும். கூடியிருக்கும் எடை முழுக்கத் தண்ணீர். அவ்வளவையும் மெஷின் எடுத்துவிடும். பழைய ஆட்கள் நாங்களே தராசில் ஏறி எண்ணைச் சத்தமாகச் சொல்வோம், தாமரை எழுதிக்கொண்டு அந்தக் கணக்குக்கு மெஷினை வைப்பாள். பழகிய ஆட்கள்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கியதும் அவருடைய கப்பல் என் திரையில் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூடுதல் டார்பிடோ ஒன்றுகூட இல்லை. முதுகில் மூன்று ஏர் டேங்க்.

"என்ன அண்ணே இது? கல்யாண வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் ஏத்திட்டுப் போற மாதிரி இருக்கு!"

அவர் சிரிக்கவில்லை. "இருக்கட்டும்மா. காத்து இருந்தா நல்லதுதானே."

ஒரே டார்பிடோவில் அவர் கப்பல் உடைந்தது. அவர் கத்தவில்லை, திட்டவில்லை. மறுபடியும் அதே மூன்று ஏர் டேங்கை ஏற்றினார். அப்போதுதான் திரையை விட்டு ஆளைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை. வாய் திறந்தபடி இருந்தது. காலுறை இறுக்கிய இடத்தில் சதை பள்ளமாக அமுங்கியிருந்தது.

"ராத்திரி படுத்துத் தூங்குறீங்களா அண்ணே?"

"உக்காந்துதான்."

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் தண்ணீர் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். இங்கே படுத்திருக்கும் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"எடை சரியாத்தானே சொல்றீங்க?"

அவர் தாமரை எங்கே நிற்கிறாள் என்று பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"கொறைச்சுத்தான் சொல்றேன். ஷார்மைனுக்குத் தெரியக்கூடாது."

ஷார்மைன் அவருடைய ஒரே மகள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு ஆபீசில் வேலை. நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது. அப்பாவுக்குத் தன் கிட்னியைக் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். இவர் வேண்டாம் என்கிறார். கடைசியில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறார்கள். இந்த வருடம் முடியும்வரை அப்பாவின் எடை கட்டுக்குள் இருந்தால் அவள் அந்தப் பேச்சையே விட்டுவிடுவாள். இல்லையென்றால் நேராகப் பரிசோதனைக்குப் போவாள்.

"தாகத்த அடக்க முடியல அமுதா. இந்த வெயில்ல எப்படிம்மா முடியும்? ஆனா அவ வயித்தக் கிழிக்க விடமாட்டேன். மாப்பிள்ள வீட்ல வேற ஏற்கனவே மூஞ்சிய தூக்குறாங்க. அவளுக்கு நாளைக்குப் புள்ளக்குட்டி இருக்கு."

"நீங்க போய்ட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"சாந்தமேரி இருக்கா." சாந்தமேரி அவர் மனைவி. "நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

"நான் இந்து, அண்ணே."

"அப்போ உங்க முருகன் மேல பண்ணு."

நான் தலையை ஆட்டிவைத்தேன். சத்தியம் செய்தேனா, சும்மா ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தால் கோபம் கோபமாக வந்தது. யாருடைய ஜாக்கெட்டிலோ இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். டெங்கிலில் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், குரு. இரண்டு வருடம் முன்பு வெட்கத்தை விட்டு அவனிடம் ஒரு கிட்னி கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். அதற்குப் பிறகு என் போனை அவன் எடுத்ததில்லை. தீபாவளிக்கு மனைவியிடம் முறுக்கு கொடுத்து அனுப்புகிறான். எனக்குக் கேட்டும் கிடைக்கவில்லை. இந்த மனுஷனுக்குப் பெற்ற மகள் தானாகக் கொண்டுவந்து நீட்டுகிறாள், வேண்டாமாம். பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் பொறாமை மட்டுமில்லை. அந்த நாற்காலி காலியாகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயமும் இருந்தது. இங்கே நாற்காலி காலியானால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். விரிப்பை மாற்றி வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

திங்கட்கிழமை அவர் படிக்கட்டில் ஏறி வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு படியிலும் நின்றார். உதடு கறுத்திருந்தது. பின்னால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஷார்மைன். வழக்கமாகக் கீழேயே காரிலிருந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். அன்று அப்பாவின் மூச்சுக்குப் பயந்து மேலே வந்திருந்தாள்.

அவர் தராசில் ஏறினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எண் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அறுபத்தெட்டு!" என்றார் பேசில் அண்ணன்.

தாமரை எழுதப் போனாள். ஷார்மைன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் எப்படி மறைப்பது?

"பொய் சிஸ்டர்! எழுபத்தி மூணு காட்டுது! இந்த ஆளு எத்தனையோ வாரமா பொய் சொல்றாரு! மறுபடி ஏத்திப் பாருங்க!"

மையம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஷார்மைன் அங்கே நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன். பேசில் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. எதையோ சொல்ல வாயெடுத்து, மூச்சு வராமல், சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. அன்று மெஷினில் நான் தனியாகப் படுத்திருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தண்ணீரை எடுத்தார்கள். இன்னும் ஓர் இரவு விட்டிருந்தால் ஆள் இருந்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். இதைச் சொன்னது சாந்தமேரி அக்கா. போனிலேயே அழுதார். "நீ நல்லா இருக்கணும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. ஏன் இருக்கக்கூடாது?

பல வாரம் கழித்துப் பேசில் அண்ணன் திரும்பி வந்தபோது பாதியாக இளைத்திருந்தார். வேட்டி கட்டியிருந்தால் இடுப்பில் நின்றிருக்காது. அவரை உட்காரவைத்த ஷார்மைன் நேராக என்னிடம் வந்து வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேங்க்ஸ் ஆன்டி. டெஸ்ட் எல்லாம் முடிஞ்சிருச்சு. மேட்ச் ஆகுது. அப்பாவும் சைன் பண்ணிட்டாரு. இனிமே அப்பா இங்க ரொம்ப நாள் வரமாட்டாரு."

சிரித்தபடிதான் சொன்னாள். அவள் விரலில் மோதிரம் இல்லை. மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அவள் கீழே இறங்கிப் போகும்வரை நான் காத்திருந்தேன்.

"மாப்பிள்ள வீட்ல...?"

"வேண்டாம்னுட்டாங்க." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கிட்னி உள்ள பொண்ணு வேண்டாமாம்."

"அப்படிப்பட்டவங்க போனா போகட்டும் அண்ணே. நீங்க உயிரோட இருக்கீங்க."

"இருக்கேன்." ஊசி ஏறிய கையை ஒருமுறை பார்த்தார். மூச்சு இப்போது சீராக வந்தது. "எத்தன வருஷமா அவ தர்றேன் தர்றேன்னு நிக்கிறா. ஒரு நாள்கூட நான் அவகிட்ட வாயத் திறந்து கேட்டதில்ல அமுதா. அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி அந்த எடையக் கத்தி, எனக்காக நீ கேட்டுட்ட."