முப்பத்தொரு நிமிடம் திறந்திருந்த கதவு

குளிர்லாரி ஓட்டும் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவர்கள் சுமை இறக்குகிறவர்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பான். எதற்கும் "ம்"தான் பதில். நாற்பத்திரண்டு வயதாகியும் யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையாவது முடுக்க ஆரம்பித்துவிடுவான். அப்படிப்பட்டவன் வியாழக்கிழமைகளில் மட்டும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கிளம்புவது ஏன் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மனிதர்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம்.

ஆனால் லாரி கோள்மூட்டியாக மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஸ்ட்ராபெர்ரியைப் பறித்த நிமிடம் முதல் கடையில் இறக்கும் நிமிடம் வரை எல்லாமே பிளாக்செயினில் ஏற வேண்டும் என்று உத்தரவு. கம்பெனிக்காரர் வந்து விளக்கினார்: "ஒரே நோட்டுன்னு வச்சுக்குங்க. பண்ணை, லாரி, கிடங்கு, கடை, எல்லார்கிட்டயும் ஆளுக்கொரு பிரதி இருக்கும். எழுதினதை யாராலயும் அழிக்க முடியாது. தப்பா எழுதிட்டா கீழ திருத்தம் எழுதலாம், அவ்வளவுதான்." அவன் "ம்" என்றான். லாரிக்குள் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டிவிட்டுப் போனார்கள். கதவு எப்போது திறந்தது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது, உள்ளே எவ்வளவு சூடு ஏறியது என்று அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே வந்தது.

இன்றைக்கு அவன் சரக்கோடு கடையின் பின்வாசலுக்கு வந்தபோது, அங்கே சரக்கைப் பரிசோதித்து எடுக்கும் வேலையில் இருந்த அவன் தங்கை கையில் திரையோடு வழிமறித்தாள்.

"ஏண்ணே, கிடங்கு வாசல்ல முப்பத்தொரு நிமிஷம் கதவு திறந்தே கிடந்திருக்கு. காரணம்?"

"பஞ்சர்."

"பதினோரு வியாழக்கிழமையா பஞ்சர்னே போட்டிருக்க. நின்ன இடத்துல நிக்கிற லாரிக்கு எப்படிண்ணே பஞ்சராகும்? ஆணி மேலயே கொண்டுபோய் நிறுத்துறியா?"

அவன் டயரைப் பார்த்தான். டயர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

தங்கை பெட்டிகளைத் திறந்து பழங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். இருபது நிமிடத்துக்குள் என்றால் ஓட்டுநர் சொல்லும் காரணமே போதும்; அதற்கு மேல் போனால் கிடங்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் அனுப்பிய பஞ்சர் காரணத்துக்குக் கிடங்கிலிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'பொய்க்கு நான் சாட்சி இல்லை.'

எழுதியவள் கிடங்கின் மேற்பார்வையாளர். நாலு பேர் பேச வேண்டியதை ஒருத்தியாகப் பேசுகிறவள். அவள் பேசப் பேச இவனுக்கும் வாய் திறந்துகொள்ளும். வாய் திறந்தால் கதவு மறந்துபோகும். வியாழக்கிழமைச் சங்கதி இவ்வளவுதான்.

"அரைமணி நேரத்துல சரியான காரணம் வரலைன்னா நான் சரக்கைத் திருப்பி அனுப்பணும்ணே," என்றாள் தங்கை. "இருபது நிமிஷத்தைத் தாண்டுறது இது மூணாவது தடவை. இந்தத் தடத்துலேருந்தே உன் லாரியை எடுத்துடுவாங்க. கூடப் பிறந்தவன்னு நான் பூசி மெழுக முடியாது."

தடம் போனால் கிடங்கு போகும். கிடங்கு போனால் வியாழக்கிழமையே போகும். உண்மையை எழுதினாலோ பண்ணைக்காரர் படிப்பார், முதலாளி படிப்பார், பழம் வாங்குகிற ஊர் உலகமெல்லாம் பழப்பெட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைப் போனில் படம் பிடித்துப் படிக்கும். அவளும் படிப்பாள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் பார்த்தான். தங்கை அங்கேயே இடுப்பில் கைவைத்து நின்றாள். வேறு வழியில்லாமல் திரையை வாங்கி, ஒரு விரலால் எழுதினான்: 'திருத்தம். பஞ்சர் இல்லை. இதுக்கு முன்னாடியும் இல்லை. கிடங்கு மேற்பார்வையாளரோட பேசிட்டிருந்தேன். அவங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. கதவு ஞாபகம் வரலை.'

அனுப்பிவிட்டு, வேலையை விட்டே போய்விடலாம் என்று முடிவுகட்டினான். தங்கை திரையை வாங்கி அதை இரண்டு தடவை படித்தாள். அவள் பிறந்ததிலிருந்து அண்ணன் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை.

பத்து நிமிடம் ஒன்றுமே வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கத் தங்கைக்கே பாவமாகிவிட்டது. அப்புறம் திரை மின்னியது. தங்கை உரக்கப் படித்தாள்:

"'திருத்தத்துக்குத் திருத்தம். இவர் சொல்றது பாதிதான். கதவைச் சாத்தப் போனவரை, அதுக்குள்ள என்ன அவசரம்னு நிறுத்தினது நான். பழம் கெட்டிருந்தா அதுல பாதித் தப்பு என்னோடது. அடுத்த வியாழக்கிழமை கதவைச் சாத்திட்டு உள்ள வந்து உட்காரச் சொல்லுங்க. கிடங்கு ஒப்புக்கொள்கிறது.'"

அவன் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. காதுவரை சிவந்துபோய், பெட்டிகளைத் தானே இறக்க ஆரம்பித்தான். தங்கை கடையின் ஒப்புதலைப் பதியப் போனாள். அவளுக்கு முன்னாலேயே, யாரும் கேட்காமல், பண்ணைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார்.